கிண்ணத்துக்குள் கடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு செராமிக் கலைஞரின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எல்லாம் கையால் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை: ‘கடலலையின் தூண்டுதல்’, ‘மழைக்கால வானம்’ என்று. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குக் கிண்ணமும் அதன் கோணலும்தான் தெரிந்தன. எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா, இல்லை இதெல்லாம் விற்பதற்கான பேச்சா?

ச.

அன்புள்ள ச.,

கிண்ணம் தெரிந்ததல்லவா, அது போதும். வெறும் விற்பனைப் பேச்சு என்று அட்டைகளைத் தள்ளிவிட மாட்டேன். கண்காட்சி என்றால் யாராவது ‘நாலு வரி எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பார்கள், கலைஞரும் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்! ஆனால் மண்ணில் வேலை செய்பவர்களுக்குக் கடலையும் வானத்தையும்விட இன்னொருவர் செய்த பானைதான் பெரிய தூண்டுதல். அதைப் பார்த்ததும் ‘இதை எப்படிச் செய்தார்கள்?’ என்று கை பரபரக்கும்.

செராமிக் கலைஞர் லூசி ரீயை எடுத்துக்கொள்ளுங்கள். 1902இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் லண்டன் வந்தார். அங்கே பிழைப்புக்காக உடைகளுக்குச் செராமிக் பொத்தான்கள் செய்துகொண்டிருந்தார். போர் முடிந்த பிறகு, இங்கிலாந்தின் ஏவ்பரியில் உள்ள அருங்காட்சியகத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலத்துப் பானைகள் சிலவற்றைப் பார்த்தார். அவற்றின் மேல் கீறிய கோடுகள். கூடவே பறவை எலும்புகளையும் வைத்திருந்தார்கள். கீறுவதற்கு அவை பயன்பட்டிருக்கலாம். அப்புறம் அவர் ஊசியை எடுத்தார். மாங்கனீசு கலந்த கரும்பழுப்புப் பூச்சைத் தடவி, அதை மயிரிழை போன்ற கோடுகளாகச் சுரண்டினார். அந்தக் கோடுகளில் அடியிலிருந்த வெளிறிய நிறம் எட்டிப் பார்த்தது. மற்றவர்கள் முதலில் ஒருமுறை சுட்டு, பிறகு கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு, பூசி மறுபடி சுடுவார்கள். இவர் சுடாத மண்ணிலேயே பூசி ஒரே தடவையில் சுட்டார்.

அந்தப் பானைகளின் உருவத்தை அவர் நகலெடுக்கவில்லை. எடுத்துக்கொண்டது கீறலை மட்டும்தான்.

நிறத்தைப் பொறுத்தவரை கலைஞர் சொல்வதைப் பாதிதான் நம்புவேன். கிளேஸில் செம்பு கலந்திருந்தால், சூளையில் காற்று தாராளமாக இருக்கும்போது பச்சை வரும். அதே செம்பு, ஆக்சிஜன் குறைந்த சூளையில் சிவப்பாகும். ‘மழைக்கால வானம்’ சூளையைத் திறந்த பிறகு சூட்டிய பெயராகவும் இருக்கலாம்! அதில் குற்றமில்லை, சூளையும் கூட்டாளிதானே.

கோணல் விஷயத்தில் உங்கள் சந்தேகம் எனக்கும் உண்டு. கையால் செய்ததற்கு அடையாளமாக வேண்டுமென்றே நெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தேர்ந்த கை சக்கரத்தில் இழுக்கும் கிண்ணம் அப்படியொன்றும் கோணாது.

அடுத்த முறை அனுமதித்தால் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உருகும் கிளேஸ் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடி வளையத்தில் பெரும்பாலும் பூச்சு இருக்காது. மண்ணின் சொந்த நிறமும், அடியைச் செதுக்கிய கருவியின் தடமும் அங்கே தெரியும். அங்கே அவசரம் தெரிந்தால், மேலே கடலே இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.