எம்ஆர்ஐ படங்களுக்கு அல்காரிதம் எழுத டீப் லேர்னிங் மட்டும் தெரிந்தால் போதுமா?

போதாது.

கேட்டவர் இறுதியாண்டு மாணவராகத்தான் இருப்பீர்கள். மூளைக்கட்டிப் படங்களை இணையத்திலிருந்து இறக்கியாயிற்று, துல்லியம் 98 சதவீதம் என்று திரையிலும் வந்தாயிற்று, அப்படித்தானே? ஒரே நோயாளியின் ஸ்லைஸ்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கலந்திருந்தால் உங்கள் நிரல் கட்டியை விட்டுவிட்டு ஆளை அடையாளம் கண்டுகொண்டிருக்கலாம்.

மூளைப் படங்களில் வெண்பொருளையும் சாம்பல்பொருளையும் பிரிக்கும் குழு ஒன்றில் இருந்தேன். ஒரு மருத்துவமனையின் டி1 படங்களில் (வெண்பொருள் சாம்பல்பொருளைவிட வெளிச்சமாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) மட்டும், தலையின் ஒரு பக்கத்துச் சாம்பல்பொருளை நிரல் வெண்பொருள் என்றே சாதித்தது. டீப் லேர்னிங் நெட்வொர்க்கில் இன்னும் கணக்கீட்டு அடுக்குகள் சேர்க்கலாம் என்றார்கள் சகாக்கள். நான் படத்தோடு ஸ்கேன் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த ரேடியோகிராபர் பார்த்த மாத்திரத்தில், "சார், காயிலை ஒட்டிய இடம் வெளிச்சமாகத்தான் வரும்" என்றார். காயில் என்பது உடலிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் ஆண்டெனா.

சி.டி.யில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு உண்டு. வழக்கமான எம்ஆர்ஐ படத்தின் பிக்சல் எண்ணுக்கு அப்படி நிலையான பொருள் கிடையாது; காயிலோ மெஷினோ மாறினால் எண்ணும் மாறும். டஸ்டிசனும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட என்4 முறை, படம் நெடுக மெதுவாக ஏறி இறங்கும் அந்த வெளிச்சத்தை மதிப்பிட்டு வகுத்து நீக்கிவிடும். அதை ஓட்டினோம், பிரிப்பு சரியானது. ஓர் அடுக்கும் சேர்க்கவில்லை.

உடனே "டீப் லேர்னிங் பிடிக்காத பழைய ஆள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். குறைவாக எடுத்த கே-ஸ்பேஸ் தரவிலிருந்து (படமாகும் முன் மெஷின் அளந்து தரும் மூலத் தரவு) படத்தை மீட்பதில் நெட்வொர்க்குகள் கெட்டிதான். நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் 2018-இல் அறிவித்த ஃபாஸ்ட்எம்ஆர்ஐ திட்டம் அதற்கான மூலத் தரவையே ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தரவைப் படமாக்கும் கணக்கான ஃபூரியர் உருமாற்றம் புரியாமல் அதைத் திறந்து என்ன செய்வீர்கள்?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டுரை வெளியானபோது அந்த ரேடியோகிராபரின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. ஸ்கேன் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாத பெரியவர் ஒருவருக்கு ஆசிரியர் வரிசையில் இடம் கிடைத்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது அவர் வேலைதானே" என்றார்கள். அப்படியானால் பெரியவரின் வேலை என்ன?

போகட்டும். ஸ்கேன் மெஷின் தரும் டைகாம் கோப்பை, ஆராய்ச்சியில் புழங்கும் நிஃப்டி கோப்பாக மாற்றினால் இடம் வலத்தைச் சரிபாருங்கள். முன்னதில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடப்பக்கம் நோக்கிக் கூடும், பின்னதில் வலப்பக்கம்.