684-இல் கேட்ட குரல் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் பழைய பிலிப்ஸ் ரேடியோவைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். பகலில் திருச்சியும் கோவையும்தான் எடுக்கிறது. இருட்டிய பிறகு முள்ளை நகர்த்தினால் மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் 684 பக்கம் ஒரு பெண் இந்தியில் பேசியது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மலையாளப் பாட்டு ஒன்று அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அந்த எண் அந்தமானுடையது என்கிறார் நண்பர். உண்மையா? ஏற்காடு உயரமான இடம், அங்கே போனால் இன்னும் தெளிவாக எடுக்குமா? விலை கூடிய ரேடியோ வாங்க வேண்டுமா? எல்லாம் செல்போனிலேயே வரும்போது இது எதற்கு என்கிறார்கள் வீட்டில்.

கே., சேலம்

அன்புள்ள கே.,

அந்தமானாக இருக்கலாம். ஆனால் நோட்டில் எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

684 கிலோஹெர்ட்ஸ் கோழிக்கோட்டுக்கும் உண்டு, போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) உண்டு. கோழிக்கோடு சேலத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 260 கி.மீ.; போர்ட் பிளேர் கடல் தாண்டி ஏறக்குறைய 1,600 கி.மீ. இந்தி கேட்டதை மட்டும் வைத்து அந்தமான் என்று சொல்லிவிட முடியாது. டெல்லி இந்திச் செய்தியைக் கோழிக்கோடும் அஞ்சல் (வாங்கி மறுஒலிபரப்பு) செய்யக்கூடும், செய்தி முடிந்ததும் மலையாளப் பாட்டு போடக்கூடும். நீங்கள் கேட்ட வரிசையும் அதுவாகவே இருக்கலாம். அடுத்த முறை இந்திக் குரல் வந்தால் உடனே திருச்சியின் 936-க்குத் தாவுங்கள், பெங்களூரின் 612-ஐயும் பாருங்கள். அங்கேயும் அதே குரல் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது டெல்லி அஞ்சல். 684-இல் மட்டும் இருந்தால் அப்புறம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தமிழே கேட்டாலும் குழம்ப வேண்டாம். அந்தமானில் வங்காளமும் தெலுங்கும் தமிழும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் காதில் விழ வேண்டும், அல்லது அந்த ஊருக்கே உரிய ஒரு செய்தி, கப்பல் நேரம் போல, விழ வேண்டும்.

முள் காட்டும் எண்ணையும் முழுசாக நம்பாதீர்கள். நம் நாட்டில் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 9-இன் மடங்குகளில் இருக்கும். 684, 720, 936, 999, எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் 9-இல் வகுபடும். முள் 690 காட்டினால் அது 684 அல்லது 693. தெரிந்த இரண்டு நிலையங்களுக்கு, உதாரணமாக 612-க்கும் சென்னையின் 720-க்கும், நடுவே எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பிடிபடும்.

சாதாரணமாக ஒரே எண்ணில் இரண்டு நிலையம் மோதினால் ரேடியோவைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். மத்திய அலையை வாங்குவது வெளியே நீட்டும் ஏரியல் இல்லை, உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் கம்பி (ஒயர் சுற்றிய கருப்புக் கோல்). அதன் நுனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை நிலையம் அடங்கிப்போகும். 684-இல் இந்த வித்தை பலிக்காது. சேலத்தில் உட்கார்ந்து பார்த்தால் கோழிக்கோடு மேற்கே, போர்ட் பிளேர் கிழக்கே, ஏறக்குறைய ஒரே கோட்டில். கம்பிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். ஒன்றை அடக்கினால் மற்றதும் சேர்ந்து அடங்கும்.

அதனால் நேரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் டி அடுக்கு என்ற மின்னேறிய காற்றடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைகிறது. அலைகள் அதற்கும் மேலே போய் வளைந்து திரும்பி வருகின்றன. அந்தமானில் நம்மைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே பொழுது சாயும். நமக்கு இருட்டத் தொடங்கும்போது கிழக்கு வழி முழுக்க இருட்டு, கோழிக்கோட்டில் இன்னும் வெளிச்சம் மிச்சம். நீங்கள் கேட்ட நேரம் அந்த வகையில் நம்பிக்கை தருகிறது. தினமும் சூரியன் மறைவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னாலிருந்து முக்கால் மணி நேரம் உட்காருங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில், தெற்கே போகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963-இல் ராக்கெட் விட்டதற்குக் காரணமே அந்த அருகாமைதான். இந்தப் பகுதியில் காந்தப் புலம் வடக்கு தெற்காகப் படுத்திருப்பதால், கிழக்கு மேற்காக வரும் மத்திய அலை மேலே போய்த் திரும்புவதில் கூடுதலாக இழக்கிறது. வடக்கு தெற்கு வழிக்கு அந்த இழப்பு குறைவு. நமக்கு நேர் வடக்கே, 600 கி.மீ.க்கும் மேலே இருக்கும் ஹைதராபாத் 738-ஐ முதலில் பிடித்துப் பழகுங்கள். அந்தமான் அதைவிடப் பல மடங்கு கடினம். கிடைத்தால் பெரிய விஷயம்.

ஏற்காடு பற்றி. பண்பலைக்கு உயரம் வேண்டும், அது பார்வைக் கோட்டில் போகிறது, கொடைக்கானல் 100.5 அத்தனை தூரம் எட்டுவது மலைமேல் இருப்பதால். மத்திய அலைக்கு 1,500 மீட்டர் உயரம் பெரிதாக எதுவும் செய்யாது. தரை வழியாக வரும் அலைக்கோ ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற கடும்பாறை உதவவே உதவாது. ஈரமண்ணும் கடலும்தான் அதற்குத் தோது. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே கரகரப்பு குறைவு.

ஏற்காட்டில் நாகலூர் தாண்டி ஒரு காபித் தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ராத்திரி கரண்ட் போனது. அதுவரை நிலையங்களுக்கு நடுவே சீறிக்கொண்டிருந்த சத்தம் ஒரே வெட்டாக நின்றது. அதே இடத்தில், முள்ளைத் தொடாமலே, மெல்லிய தெலுங்குக் குரல் ஒன்று தெரிந்தது. அது முன்பும் அங்கேதான் இருந்திருக்கிறது; எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் மூடி வைத்திருந்தன. மறுபடி கரண்ட் வருவதற்குள் அடுத்தடுத்து நான்கைந்து இடங்களில் இப்படிக் குரல்கள் வெளியே வந்தன. எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் பிரியம் இறுகியது அன்றைக்குத்தான்.

அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓடும் தெருக்களில் இது சிரமம் என்று தெரியும். முதலில் உங்கள் வீட்டைச் சரி பாருங்கள். ரேடியோவில் பேட்டரி செல் போட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது போட்டதும் இரைச்சல் ஏறுகிறதோ அதுதான் ஆள். மொட்டை மாடியில், சுவரில் ஓடும் ஒயரிலிருந்து தள்ளி உட்கார்ந்தாலே பாதி குறையும்.

புது ரேடியோ வேண்டாம். உங்கள் தாத்தாவுடையது போதும். அந்தக் காசில் ஒரு மீட்டர் சதுரத்துக்கு மரச் சட்டம் அடித்து, ஏழெட்டுச் சுற்று ஒயர் சுற்றி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரை (நிலையம் மாற்றத் திருகும் பாகம்) இரு முனைக்கும் இணையுங்கள். சட்டத்தை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், கம்பி இணைப்பு எதுவும் தேவையில்லை. கண்டென்சரைத் திருக்கும்போது ஓரிடத்தில் நிலையம் சட்டென்று தூக்கிக் கொடுக்கும்.

செல்போன் கேள்விக்கு வருகிறேன். செல்போனில் போர்ட் பிளேர் எந்நேரமும் ஒரே மாதிரி கேட்கும். ரேடியோவில் கேட்பது அந்தமானுக்கும் அம்மாப்பேட்டைக்கும் நடுவே அன்றைக்கு வானம் இருந்த நிலையும் சேர்த்து. அதை வேறு எந்த வழியிலும் ஒரு சாதாரண மனிதன் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து அறிய முடியாது. அதற்காகவே இதைச் செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம். சீக்கிரம் செய்யுங்கள் என்றும் சொல்வேன். ஜெர்மனியின் பொதுத்துறை வானொலிகள் 2015 முடிவோடு மத்திய அலையை விட்டு வெளியேறிவிட்டன. நம் நாட்டிலும் பல ஒலிபரப்பிகள் நின்றுவிட்டன. ஒரு நிலையம் நின்றால் அதன் அடியில் கிடந்த தூரத்து நிலையம் வெளியே வரும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த லாபத்தில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

மார்கழி, தை, மாசிதான் நல்ல காலம். சித்திரை பிறந்து கோடை இடி தொடங்கினால் மின்னலின் படபடப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, மணி, எண், மொழி, காதில் விழுந்த வார்த்தைகள், எவ்வளவு நேரம் நின்றது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து இட்டு நிரப்பாதீர்கள். அந்தமான்தான் என்று உறுதியானதும் அந்த நிலையத்துக்கே அறிக்கை எழுதி அனுப்புங்கள். நீங்கள் கேட்டது சரிதான் என்று அவர்கள் அனுப்பும் உறுதிச் சீட்டு வந்தால் பத்திரமாக வையுங்கள். அறிக்கையில் நேரம் எழுதும்போது இந்திய நேரமா, ஐந்தரை மணி பின்தங்கிய உலக நேரமா என்று குறிப்பிட மறக்க வேண்டாம்.

அன்புடன்