கத்தியைத் தொட விடுவார்களா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சேலத்தில் மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். முடித்து, லண்டன் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரித் தேர்வின் முதற்பகுதியிலும் தேறி, எம்.டி.ஐ. எனப்படும் இரண்டாண்டுப் பயிற்சித் திட்டத்தில் இங்கிலாந்தில் இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தான கர்ப்பங்களைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளப் போகும் உங்களை அங்கே கத்தியைத் தொடவே விடமாட்டார்கள், இரண்டு ஆண்டும் வீண் என்று உடன் படித்தவர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வயது மகளை உடனே அழைத்துப் போவதா, அஸ்தம்பட்டியில் உங்கள் அம்மாவிடம் விட்டுப் போவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு இங்கிலாந்திலிருந்து ஏற்காட்டில் என் அம்மா வீட்டுக்கு வந்திருப்பதால் நிதானமாகவே பதில் எழுத முடிகிறது.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. முதல் ஆறு மாதத்தில் அங்கே நீங்கள் செய்யும் சிசேரியன்கள், சேலத்தில் ஒரே மாதத்தில் செய்தவற்றைவிடக் குறைவாக இருந்தாலும் வியப்பில்லை. அதற்காக மனம் கலங்க வேண்டாம். கைவேலையை உங்களுக்குச் சேலமே கற்றுக் கொடுத்துவிட்டது. இன்னும் வராத ஆபத்துக்காக இன்றைக்கே உழைப்பதையும், அந்த ஆபத்தைத் தாய்க்கு விளங்கும்படி சொல்வதையும் நான் அங்கே போய்த்தான் கற்றேன்.

நான் சேலத்தில் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் 108 ஆம்புலன்ஸ் கிடையாது. அது 2008-இல்தான் தமிழகத்துக்கு வந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து ஜன்னி, அதாவது கர்ப்பகால வலிப்பு, கண்ட பெண்ணை ஜீப்பில் படுக்கவைத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கொண்டுவருவார்கள். மெக்னீசியம் சல்பேட்டை 4 கிராம் ரத்தக்குழாய் வழியாகவும், 10 கிராமை இரண்டாகப் பிரித்து இரு பிட்டங்களிலும் ஏற்றிவிட்டு, முழங்கால் அனிச்சையும் மூச்சும் சிறுநீரும் பார்த்துக்கொண்டு விடியும்வரை அருகிலேயே இருப்போம். அதே மருந்தை அங்கே பம்ப் வழியாக முதலில் 4 கிராம், பிறகு மணிக்கு 1 கிராம் என்று 24 மணி நேரம் செலுத்துகிறார்கள். இதை ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். ஆனால் அங்கே பத்து ஆண்டுகளில் நான் பார்த்த ஜன்னி, சேலத்தில் ஓர் ஆண்டில் பார்த்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை. அது ஏன் என்று தேடினால் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

மூன்றாம் மாதத்தில், ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்புள்ளவர்களைக் கண்டறிந்து ஆஸ்பிரின் தொடங்குகிறார்கள். 2017-இல் வெளியான ஆஸ்பிரே ஆய்வில், அத்தகைய தாய்மாருக்கு நாள்தோறும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க நேரும் முன்சூல்வலிப்பு (ஜன்னிக்கு முன்னோடியான ரத்த அழுத்த நோய்) ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பது அங்கே தாய்மார் இறப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று என்பதால், முதல் வருகையிலும், ஒவ்வொரு முறை அனுமதிக்கப்படும்போதும், பிரசவத்துக்குப் பின்னும் ஆபத்துக்கு மதிப்பெண் போட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி தேவையா என்று பார்ப்பார்கள். ரத்தப்போக்கையும் ஜன்னியையும் கண்டு அஞ்சி வளர்ந்த நமக்கு இந்த மூன்றாவது பகைவன் கண்ணிலேயே படமாட்டான். நான் முதல் மாதங்களில் அந்தப் படிவத்தை வெறும் காகித வேலை என்றே நினைத்தேன், அது பெரும் பிழை. சர்க்கரைப் பரிசோதனையில் மட்டும் உங்களுக்குச் சொந்த ஊர் போலவே இருக்கும். சென்னை மருத்துவர் வி. சேஷையா வகுத்த முறையில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து நாம் மில்லிகிராம் கணக்கில் பார்க்கும் 140 என்ற எல்லைதான், அங்கே வெறும் வயிற்றில் தொடங்கும் பரிசோதனையில் மில்லிமோல் கணக்கில் 7.8 என்று எழுதப்படுகிறது. பதினெட்டால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

இனி எனக்கே கடினமாக இருந்ததைச் சொல்கிறேன். சேர்ந்த இரண்டாம் மாதம், சர்க்கரை நோயுள்ள, குழந்தையின் எடை கூடுதலாகத் தெரிந்த ஒரு பெண்ணிடம், 38 வாரத்தில் வலி வரவழைத்துவிடலாம் என்று சொல்லிப் படிவத்தை நீட்டினேன். வேறு என்னென்ன வழிகள் உண்டு, ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை என்மீதான அவநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு, சொன்னதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். உடனிருந்த, பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் வெளியே போய் என் மேலதிகாரியான கன்சல்டன்ட்டை அழைத்து வந்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, சிசேரியனில் என்ன ஆபத்து, காத்திருந்தால் என்ன என்று இருபது நிமிடம் பேசினார். கடைசியில் அந்தப் பெண் ஒப்புக்கொண்டது நான் சொன்ன அதே வழியைத்தான். ஆனால் பிரசவத்தின்போது தோள் உண்மையிலேயே சிக்கி, அறைக்குள் பத்துப் பேர் ஓடிவந்து நின்றபோது அவர் அலறவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்ததால், சொன்னவுடன் தொடைகளை வயிற்றோடு மடக்கிக் கொடுத்தார். குழந்தை நலமாகப் பிறந்தது.

அந்த நாட்டில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அளித்த மான்ட்கமரி தீர்ப்பை, போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அதுவும் சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த ஒரு தாயின் வழக்குதான். தோள் சிக்கும் ஆபத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை, குழந்தைக்கு மூளைவாதம் ஏற்பட்டது. அந்தத் தாயின் நிலையில் இருக்கும் ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாரோ அதை மருத்துவர் சொல்லியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நூறு பேர் வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் புறநோயாளிப் பிரிவில் இருபது நிமிடம் உட்கார்ந்து பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் இரண்டு நிமிடத்திலும் அதைச் செய்யும் வழி உண்டு. ஊருக்கு வரும்போதெல்லாம் இங்குள்ள தோழியரிடம் நான் இதையே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

இரவில் மேலதிகாரியை எழுப்புவது இயலாமையின் அடையாளம் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். அங்கே எழுப்பாமல் இருப்பதுதான் குற்றம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கும் சிசேரியனுக்கும், 2 லிட்டரைத் தாண்டியும் நிற்காத ரத்தப்போக்குக்கும் கன்சல்டன்ட் நேரில் வர வேண்டும் என்பது கல்லூரியின் வழிகாட்டுதல். இதன் வேர் ஆழமானது. 1952 முதலே இங்கிலாந்தில் தாய்மார் இறப்புகளை, மருத்துவர் பெயரும் மருத்துவமனைப் பெயரும் நீக்கி, யாரையும் தண்டிக்காமல் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு வருகிறார்கள். நம் மாவட்டங்களிலும் ஒவ்வொரு தாயின் இறப்பும் ஆய்வுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் கோப்போடு போகும் மருத்துவரின் முகத்தில் இருக்கும் அச்சத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. ஈழத் தமிழ்ப் பெண்கள் உங்களிடம் ஆவலோடு வருவார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று ஒருவர் சொன்னதை, மனக்குறை இல்லை என்று நான் புரிந்துகொண்டேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். இதய நோய் உண்டா என்று கேட்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேலத்துப் பெண்ணாக உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. இருபதாவது வார ஸ்கேனில், தாய் கேட்டால் பெண்ணா ஆணா என்று சொல்வது அங்கே பல மருத்துவமனைகளில் வழக்கம். பெண் என்று சொன்னதைக் கேட்டு ஒரு தாய் சிரித்ததை முதன்முறை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். 1992-இல், பெண் சிசுக்களைக் காக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்து வந்த அழுகை அது.

இரண்டாண்டில் கரு மற்றும் தாய்நல நிபுணர் பட்டம் கிடைத்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே மகப்பேற்று மருத்துவப் பயிற்சியே ஏழு ஆண்டு; இந்த உட்பிரிவுக்குப் போட்டியில் வென்று இரண்டு மூன்று ஆண்டு பயில வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது அனுபவமும், மீதித் தேர்வுகளை எழுதும் சூழலும். அதைத் தெரிந்தே போனால் ஏமாற்றம் இராது.

மகளை முதல் மூன்று மாதம் உங்கள் அம்மாவிடம் விட்டுச் செல்லுங்கள். காலை எட்டு மணிக்கு டியூட்டி, மழலையர் காப்பகம் திறப்பதும் ஏறக்குறைய அதே நேரம். இரவுப் பணியும் முறைவைத்து வரும். மருத்துவமனைக்கு நடந்து போகும் தொலைவில் வீடும், காலையில் குழந்தையைக் கொண்டுவிட ஆளும் அமைந்த பிறகு அழைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் வலிக்கும். நானும் என் மகனை அப்படித்தான் விட்டுச் சென்றேன், ஒவ்வோர் இரவும் அழைத்துப் பேசினேன், அவன் என்னை மறக்கவில்லை.

கிளம்பும் முன், சேலத்தில் நீங்கள் செய்த பிரசவங்களையும் அறுவைகளையும் தேதிவாரியாக எழுதி, உங்கள் துறைத் தலைவரிடம் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாயின் பெயர் அதில் இருக்கக் கூடாது. அங்கே போன பிறகு இங்கிருந்து அதை வரவழைக்க நான் எட்டு மாதம் அலைந்தேன்.