அந்த முனையில் அவன் ஏன் நின்றான்?

கேள்வி: முதல் உலகப் போருக்குக் காரணமான கொலை ஒரு சாண்ட்விச்சால் நடந்தது என்கிறார்களே? கொலையாளி கடையில் சாப்பிட்டுவிட்டு வெளியே வர, இளவரசரின் கார் தற்செயலாக எதிரே வந்து நின்றதாமே? ஒரு கோடி உயிரைக் குடித்த அந்தத் துப்பாக்கியை உருக்கிப் போடாமல் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பது சரியா?

பதில்: சாண்ட்விச் கதை பொய். கொலையாளி காவ்ரிலோ பிரின்சிப் விசாரணையில் சொன்னவை பதிவாகியிருக்கின்றன. அவற்றில் சாண்ட்விச் இல்லை. இந்த நூற்றாண்டில் பரவிய கட்டுக்கதை அது.

1914 ஜூன் 28, பொஸ்னியாவின் சரயேவோ நகரம். காலையில் கூட்டாளி ஒருவன் எறிந்த குண்டு தவறிப்போய், பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. நகர மண்டப வரவேற்பு முடிந்ததும், காயம்பட்ட அதிகாரியை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்றார் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். அதற்காக, அறிவித்திருந்த வழியை விட்டுவிட்டு ஆற்றங்கரையோடு நேராகப் போவது என்று முடிவு. காரோட்டிகளுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை! முன்னால் போன கார் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்துக்கு எதிரே வலப்புறம் திரும்ப, இளவரசரின் காரும் பின்னாலேயே திரும்பியது. உடன் இருந்த ஆளுநர் போட்டியோரெக் சத்தம் போட்டார். கார் நின்றது. மிக அருகில் பிரின்சிப்.

முன்கூட்டியே அறிவித்த வழி அந்த முனையில்தான் திரும்புகிறது. அவன் அங்கே நின்றதற்கு அது போதும். பசியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. கார் அந்த இடத்தில் நின்றது தற்செயல்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது, சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி.

துப்பாக்கி, பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலில் எஃப்.என். தொழிற்சாலை செய்த 1910 மாடல் பிஸ்டல். வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். சுருள்வில்லைக் குழலைச் சுற்றியே பொருத்தியதால் ஒல்லியாக இருக்கும். சுத்தியல் வெளியே துருத்தாததால் கோட்டுப் பையிலிருந்து சிக்காமல் உருவலாம். நீளம் சுமார் 15 செ.மீ., எடை 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 19 வயதுப் பையன் ஒருவன் காலையிலிருந்து மறைத்து வைத்துக்கொண்டு தெருவில் நிற்க முடிந்தது, இந்த அளவினால்தான்.

அவன் சுட்டது 2 முறை. ஒன்று இளவரசரின் கழுத்தில் பாய்ந்தது. மற்றொன்று அவர் மனைவி சோஃபியின் வயிற்றில். அது போட்டியோரெக்குக்கு வைத்த குறி, அந்த அம்மாளைக் கொல்ல நினைக்கவில்லை என்றான் பிரின்சிப். சுடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொன்னான். காரின் பக்கவாட்டுப் படியில் நின்று வந்த ஹராக் பிரபு, வலிக்கிறதா என்று இளவரசரைக் கேட்டார். "ஒன்றுமில்லை" என்ற பதிலையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம், குரல் அடங்கும்வரை.

ஆகவே, 'ஒரு கோடி உயிரைக் குடித்த துப்பாக்கி' என்று எழுதாதீர்கள். அது கொன்றது 2 பேரை. மற்றவர்களின் சாவுக்குக் கையெழுத்திட்டவர்கள் வேறு. ஜூலை 5-ல் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையில்லாத ஆதரவு தந்தது ஜெர்மனி. கொலைக்குப் பின்னால் இருந்ததாக ஆஸ்திரியா குற்றம் சாட்டிய செர்பியாவுக்கு ஜூலை 23-ல் இறுதி எச்சரிக்கை போனது. ஜூலை 28-ல் போர் அறிவிப்பு. கொலைக்கும் அதற்கும் இடையில் முழுதாக ஒரு மாதம் இருந்தது! அந்த மாதத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அரசர்களையும் அமைச்சர்களையும் இந்தச் சாண்ட்விச் கதை சத்தமில்லாமல் விடுவித்துவிடுகிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

தூக்குத் தண்டனைக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். பிரின்சிப்புக்கு 20 ஆண்டு சிறை கிடைத்தது. எலும்பைக் காசநோய் அரிக்க, ஒரு கையையே எடுத்தார்கள். போர் முடிவதைப் பார்க்காமல், 1918 ஏப்ரலில் தெரேசியன்ஸ்டாட் சிறையில் இறந்தான்.

துப்பாக்கி, கொலையுண்டவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்த ஆன்டன் புன்டிகாம் என்ற ஏசு சபைப் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தது. இளவரசரின் நினைவாக அருங்காட்சியகம் ஒன்றை எழுப்ப விரும்பினார் அவர். நடக்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகும் சபையிடமே அது கிடந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்த பல புத்தகங்கள், கொலையாயுதம் அதே பிரௌனிங்கின் 1900 மாடல் என்று தப்பாகவே அச்சிட்டன. 2004-ல் ஏசு சபையினர் அதை வியன்னா ராணுவ அருங்காட்சியகத்திடம் கொடுத்தார்கள். உருக்கியிருந்தால் அந்தத் தப்புதான் வரலாறாக நின்றிருக்கும். அன்றைய காரும், காயத்தைத் தேடி அவசரமாக வெட்டிப் பிரித்த இளவரசரின் சட்டையும் அங்கேயே இருக்கின்றன. இருக்கட்டும்.