மலையிலிருந்து கடலுக்கு: தூண்டில் கேள்வி பதில்

கரையில் நின்றபடியே கடலில் தூண்டில் போடப் பழகணும் என்று மலையக ஊர்களிலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். பதுளையில் பிறந்து மட்டக்களப்பில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஹட்டன்: அண்ணே, எந்த மாசம் எந்தக் கடலுக்குப் போறது?

ரொட் (தூண்டில் தடி) வாங்கக் கடைக்குப் போகிறதுக்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் உங்க ஊர் மழையிலேயே இருக்கு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் ஹட்டனும் மஸ்கெலியாவும் நனையும். அதே காற்று காலி, நீர்கொழும்புப் பக்கக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். மலையில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அது கச்சான் என்கிற காய்ந்த காற்றாகத்தான் வரும். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் அலை பணிந்திருக்கும், எறிகிற ஈயமும் தூரம் போகும். ஆக, உங்க வீட்டில் குடை காயாத மாசம்தான் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வர வேண்டிய மாசம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வாடைக்காற்றில் பதுளை நனையும், கிழக்குக் கடல் குமுறும். அப்போ மேற்கு, தெற்குக் கரைக்குப் போங்க.

மஸ்கெலியா: மவுஸ்ஸாகலையில மண்புழு கோத்துத் திலாப்பியா பிடிச்சுத்தான் பழக்கம். அதே செட் போதுமா?

களப்பிலும் (கடலோர ஏரி), அது கடலோடு சேருகிற முகத்துவாரத்திலும் தாராளமாகப் போதும் தம்பி. திறந்த கடற்கரையில் அலையைத் தாண்டி எறியத்தான் பத்தடி ரொட்டும் 4000 அல்லது 5000 சைஸ் ரீலும் தேவை. 0.35 அல்லது 0.40 மில்லிமீட்டர் தங்கூசி (நைலோன் நூல்) போடுங்க. பின்னல் நூலை விற்கத்தான் கடைக்காரர் பார்ப்பார், விலையும் கூட. பழகாத கையில் அது சிக்கினால் வெட்டித்தான் எடுக்கணும். நூல் நுனியில் ஈயம், அதற்கு ஒரு முழம் மேலே சின்னக் கிளை நூலில் தூண்டில். ஆரம்பத்துக்கு இந்தக் கட்டு ஒன்றே போதும். வீடு வந்ததும் ரீலை நல்ல தண்ணியில் துடைச்சுக் காய வைக்காவிட்டால் அடுத்த பயணத்துக்குள் துருப்பிடித்துவிடும்.

பண்டாரவளை: கடலைப் பார்த்தா எல்லா இடமும் ஒண்ணு போலத்தான் தெரியுது. எங்கே எறியணும்?

வந்ததும் எறியாதீங்க. கொஞ்சம் மேடான மணலில் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்க. தண்ணி ஆழமில்லாத மணல் திட்டில் அலை உடைந்து வெள்ளையாகும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே அலை உடையாமல், நிறம் கொஞ்சம் இருண்டு ஒரு பட்டை ஓடும். அது பள்ளம். அலை கிளறிவிடுகிற நண்டும் பூச்சியும் அங்கேதான் சேரும், மீனும் அந்த வழியாகத்தான் உலாவும். பல இடங்களில் அது கரைக்கு இருபது, முப்பது மீட்டருக்குள்ளேயே இருக்கும். புதுசா வருகிறவங்க முழு பலத்தோடு எறிந்து அதைத் தாண்டிப் போட்டுவிட்டு, மீனே இல்லை என்பார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கு. இரண்டு பக்கமும் வெள்ளை அலை உடைய, நடுவே மட்டும் அமைதியாக, நுரை வெளிப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் அது இழுவை நீரோட்டம். அதன் ஓரத்தில் இரையைப் போடுங்க, ஆனால் முழங்கால் தண்ணிக்குக்கூட இறங்காதீங்க. தப்பித்தவறி இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும். பாறையும் முதல் தடவைக்கு வேண்டாம். பாறை எதுவரை ஈரமாகக் கறுத்திருக்கோ, அதுவரைக்கும் அலை வரும்.

தலவாக்கலை: போயா லீவுக்குத்தான் வர முடியும். பரவாயில்லையா?

நல்லதுதான், போயா என்றாலே பௌர்ணமிதானே. நம்ம நாட்டில் ஏற்றவற்று, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குகிற அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு. பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தான் அது கூடுதலாக இருக்கும், முகத்துவாரத்தில் நீரோட்டமும் நன்றாக ஓடும். பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா, செங்கலடி வழியாக மட்டக்களப்பு முகத்துவாரத்துக்கு வருகிறவங்களுக்கு அது வசதி. தெற்கில் விகாரைக்குப் பக்கத்தில் போயா அன்றைக்குத் தூண்டில் போட்டால் ஊர்க்காரங்க முகம் சுளிப்பாங்க. அதைக் கவனத்தில் வச்சுக்கோங்க.

ஹப்புத்தளை: இரை?

இறால், கணவாய்த் துண்டு, சூடை மீன். அன்றைக்கு வாங்கினது. மண்புழுவை மறந்துவிடுங்க.

நானுஓயா: பிடிபடுற எல்லா மீனையும் கையால தொடலாமா அண்ணா?

கூடாது தங்கச்சி. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செட்டைப் பக்கம் இரண்டு என்று முள் இருக்கும், குத்தினால் உயிர் போகிற வலி. திருக்கைக்கு வாலில் முள். எந்த மீன் என்று தெரியாவிட்டால் நூலை வெட்டி விடுங்க, ஒரு தூண்டில்தானே. குத்திவிட்டால் கை தாங்குகிற சூட்டுத் தண்ணியில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சூடு சரியா என்று குத்துப்படாத கையால் முதலில் பார்த்துக்கோங்க. ஊதிப் பெருக்கிற பேத்தையைச் சமைக்கவே கூடாது, எவ்வளவு வேக வைத்தாலும் அதன் விஷம் போகாது.

பசறை: கரையில யாரும் ஏதும் சொல்வாங்களா?

கரைவலை இழுக்கிற இடத்தில் எறிந்தால் நிச்சயம் சொல்வாங்க, சொல்லவும் வேணும். அது அவங்க சோறு. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலை தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடிக்கு இடமில்லை.

நுவரெலியா: பிடிச்ச பாரையை வீடு வரை கெடாமக் கொண்டு வரணும்.

பிடித்த கையோடு செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, குடலை எடுத்துவிடுங்க. ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ், மீன், மேலே திரும்பவும் ஐஸ். உருகுகிற தண்ணி வடிய அடியில் ஒரு ஓட்டை. நுவரெலியாக் குளிர் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீங்க, பாதி வழி வெயில் ஊர்கள்தான். சூரை, கும்பிளா மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் உருவாகிற ஹிஸ்டமின் என்கிற நச்சுப்பொருள் சமைத்தாலும் போகாது. நாற்றம் வராமலேயேகூட அது இருக்கலாம், அதனால் ஐஸ் கரைந்துபோன பெட்டியில் கிடந்த மீனை மூக்கை நம்பிச் சமைக்க வேண்டாம்.