டெல்லிக் காற்றைக் கவனிக்கத் தனி ஆணையம் ஏன்? அது என்ன செய்கிறது?

காற்றுத் தர மேலாண்மை ஆணையம் என்பது டெல்லிக்கும், அதை ஒட்டிய ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பகுதிகளுக்கும் சேர்த்து மத்திய அரசு அமைத்த அமைப்பு. 2020 அக்டோபரில் அவசரச் சட்டத்தால் வந்தது. 2021-இல் நிரந்தரச் சட்டமானது.

காரணம் எளிது. காற்றுக்கு மாநில எல்லை தெரியாது. வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் குப்பையைக் கொளுத்தினால், நம் கொடியில் காயும் துணியில்தானே புகை நாறும்? நம் வாசலை மட்டும் கூட்டிப் பயனில்லை. தெருவுக்கே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

குளிர்காலத்தில் காற்று அசையாமல், பானைக்கு மூடி போட்டதுபோலப் புகை தரையோடு தங்கிவிடும். அப்போது காற்றுத் தரக் குறியீட்டைப் (எண் ஏற ஏறக் காற்று மோசம்) பார்த்து, ஆணையம் படிப்படியாகக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவரும். 200-ஐத் தாண்டினால் முதல் நிலை: தூசி அடக்குதல், குப்பை எரிப்பதைத் தடுத்தல். 450-ஐத் தாண்டினால் நான்காம் நிலை: அத்தியாவசியப் பொருள் ஏற்றாத லாரிகள் பெரும்பாலும் நகருக்குள் வர முடியாது. கட்டட வேலைகளும் நிறுத்தப்படுவதால், தினக்கூலிக் கட்டடத் தொழிலாளர்களின் பிழைப்பும் இதில் அடிபடுகிறது. அதை நாம் மறக்கவே கூடாது.

அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் வைக்கோல் எரிப்பு மட்டுமே இந்த மாசுக்குக் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடும், ஆனால் வாகனப் புகையும் தூசியும் சேர்ந்த அழுக்குக் காற்று ஜனவரியிலும் நீடிக்கிறது.