பல்கலை அறக்கட்டளைக்கு மாறினால் என் வேலை என்னாகும்?

அரசுத் தொழில்நுட்பப் பல்கலையில் ஆய்வகப் பணியில் இருப்பதாகவும், பல்கலையை அறக்கட்டளைக்கு மாற்றும் மசோதாவில் எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள்.

நேரே பணியாளர் பிரிவுக்குப் போங்கள். ‘புதிய நிறுவனத்தின் பணியாளர்களாகக் கருதப்படுவர்’ என்ற ஒரு வரி போதாது. பழைய பணிக்காலம் பணிக்கொடைக்கும் ஓய்வூதியத்துக்கும் சேருமா, இதுவரை சேர்ந்த ஓய்வூதியச் சுமை யார் தலையில் என்பது எழுத்தில் வேண்டும். விட்டுப்போனால் அரசு அறக்கட்டளையைக் கைகாட்டும், அறக்கட்டளை அரசைக் கைகாட்டும். ஜப்பானில் 2004இல் தேசியப் பல்கலைகள் தனிச் சட்ட அமைப்புகளானபோது, அரசுப் பணம் தொடர்ந்தும் ஊழியர்களின் அரசு ஊழியர் தகுதி போய்விட்டது.

அடுத்து மூலதனம். சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலை 1994இல் அறக்கட்டளைக்கு மாறியது. கையில் நிதியும் இருந்தது, கற்பித்தலுக்கு அரசுடன் ஒப்பந்தமும் இருந்தது. இரண்டும் இல்லாத இடத்தில் கட்டணம்தான் ஏறும், காலிப் பணியிடங்கள் ஒப்பந்த வேலையாகும்.

பணிப்பதிவேட்டின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்குங்கள். விடுப்புக் கணக்குப் பக்கம் உட்பட (பலர் மறப்பது அதைத்தான்). ஆய்வு நிதியில் வாங்கிய கருவிகளின் வரிசை எண்ணை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்து பெறுங்கள். ஒப்படைப்பு நாளில் குறையும் கருவிக்கு உங்களைத்தான் கேட்பார்கள்.